எங்கள் மைதானத்தின் மௌனம்

...இல்லை, ஒரே ஆள் ஓர் அணி ஆகிவிட முடியாது, இதை நான் எத்தனை முறைதான் சொல்வது, பந்தை எறிகிறவன் ஒருவன், அவனை எறியவிட்டு முன்னால் அடி வாங்குகிறவர்கள் ஐந்து பேர், ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்கள் வேறு, எதிரி பந்தோடு வரும்போது மறிக்கிறவர்கள் வேறு, இவர்கள் எல்லோருக்கும் மேலே, வாசல் வளைவில், ஓபர்ஹோல்ட் என்று இரும்பில் வார்த்த எங்கள் பெயர்... அப்பா கோப்பை வென்ற வருடம் எங்கள் குவாட்டர்பேக், அதாவது அந்தப் பந்தெறிகிறவன், யார் என்று இந்த ஊரில் யாரையாவது கேட்டால் விழிப்பார்கள், எனக்கே யோசித்தால்தான் வரும். அப்படியிருக்க, பந்தெறிகிற கால்வின் டுப்ரே போனால் அணியே போயிற்று என்பது என்ன பேச்சு? டுப்ரேயின் அணி என்று பத்திரிகையில் எழுதினார்கள், பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் மகள் கிரெட்டா, என் மேசையில் உட்கார்ந்து, என் எதிரிலேயே, "அவருதான்ப்பா டீம், நாம வெறும் கட்டடம்" என்றாள்... அதற்குப் பிறகும் அவனை வைத்துக்கொண்டிருக்க முடியுமா? வசந்தத்தில் அனுப்பிவிட்டேன். இன்று வேற்று அணியின் வெள்ளைச் சட்டையில் என் மைதானத்துக்கே வந்திருக்கிறான்.

வரட்டும். நன்றித் திருநாள் விருந்தில், உறவு முழுவதும் கேட்கும்படி, நான்தான் சொன்னேன், அவன் இங்கே வந்து நம்மை ஜெயித்துவிட்டால் அணி நிர்வாகத் தலைவர் நாற்காலியை அன்றைக்கே கிரெட்டாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று. ஓபர்ஹோல்ட் ஒருவன் சொன்னால் சொன்னதுதான். அவள் சிரிக்கக்கூட இல்லை, கிரான்பெர்ரி சாஸை என் பக்கம் நகர்த்திவைத்தாள், அந்தப் பணிவுதான் எனக்கு எரிந்தது... இதோ, கடைசிக் கால்பகுதி, நாங்கள் நான்கு புள்ளி முன்னால் இருக்கிறோம், டுப்ரேயின் இடத்துக்கு நான் கொண்டுவந்த விக்ஸ் பையன் ஒரு பந்தையும் பறிகொடுக்கவில்லை, போதாதா? மைதானத்துக்கு மேலே எங்கள் குடும்பம் உட்காரும் அறையின் கண்ணாடி ஜன்னலை டிசம்பர் குளிரிலும் திறந்துதான் வைத்திருக்கிறேன், அப்பா அப்படித்தான் வைப்பார், கீழே என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழ வேண்டும் என்பார். விழுகிறது. "யோவ் பெருசு, எங்க ஆள ஏன்யா தொரத்துன? மேல உக்காந்து சூப்பு குடிக்கிறியா?" காது கேட்காதவன் போல நேரே பார்த்தேன். காப்பி ஊற்றிய வெர்ன், அப்பா காலத்திலிருந்து இங்கே இருப்பவன், "கண்டுக்காதீங்க முதலாளி, அவன் போன வாரம் என்னையே திட்டுனான், பீர் சூடா இருக்காம், இந்தக் குளிர்ல" என்றான். பிறகு ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஆனா ஜனம் இன்னிக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றான். என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜனத்தை எனக்குத் தெரியும், அவர்களைப் பழக்கியவர்களே நாங்கள்தான். எங்கள் குவாட்டர்பேக் பந்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுபதாயிரம் பேரும் வாயை மூட வேண்டும், அவன் எண்ணுவது அவனுடைய ஆட்களுக்குக் கேட்க வேண்டும் அல்லவா, அந்த எண்ணிக்கையில்தானே பந்து அவன் கைக்கு வரும், எதிரியின் கையில் பந்து இருந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும், அவன் சொல்வது அவனுக்கே கேட்கக் கூடாது. அப்பா ஒவ்வொரு படிக்கட்டிலும் ஆள் நிறுத்தி, 'அமைதி' என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, இரண்டு தலைமுறைக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். பாலூட்டும் தாய்கூடப் பிள்ளையின் வாயைப் பொத்துவாள் இங்கே. இது எங்கள் குடும்பம் இந்த ஊருக்குக் கொடுத்தது, எவனுடைய சொத்தும் அல்ல... ஆனால் இந்த வருடம் விக்ஸ் போய் நிற்கும்போது ஒரு சலசலப்பு இருந்துகொண்டேதான் இருந்தது, இருமல், சிரிப்பு, யாரோ கடலை உடைப்பது, ஜனங்களுக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று நினைத்தேன். இன்று முதல் பாதியில் டுப்ரே வந்தபோது நன்றாகத்தான் கத்தினார்கள், இரைச்சலில் என் காப்பிக் கோப்பை தட்டில் நடுங்கியது. மூன்றாம் கால்பகுதியில் அது மெலிந்தது, பனி விழ ஆரம்பித்ததால் இருக்கும், தொண்டை வறண்டிருக்கும். அதற்கடுத்த முறை இன்னும் மெலிந்தது. தொண்டைதானே? வேறு என்ன...

இப்போது பந்து எங்கள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவர்களிடம், கடிகாரத்தில் இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம், கோட்டைத் தாண்டிவிட்டால் அவர்களுக்கு ஆறு புள்ளி. இதை மறித்துவிட்டால் ஆட்டம் எங்களுடையது, நாற்காலியும் என்னுடையது. மைதானம் இடிந்து விழுவதுபோல் கத்த வேண்டிய நேரம் இது. ஏரிப் பக்கமிருந்து மூடுபனி மேல் வரிசைகள்வரை வந்துவிட்டது, முகங்கள் தெரியவில்லை, வாயிலிருந்து வரும் ஆவி மட்டும் வரிசை வரிசையாகத் தெரிகிறது. டுப்ரே நடந்து வந்தான். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடக்கும் அதே நடை. பந்துக்குப் பின்னால் நின்றான், இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மெல்லக் கீழே அழுத்திக் காட்டினான்... பதினான்கு வருடம் இந்த மைதானத்தில் காட்டிய சைகை. மறந்துபோய்க் காட்டினானா, தெரிந்தேதான் காட்டினானா? வேறு எந்த வெளியூர்க்காரன் காட்டியிருந்தாலும் பனியை உருட்டி எறிந்திருப்பார்கள்.

அடங்கினார்கள். முதலில் கீழ் வரிசைகள், பிறகு வளைவுகள், பிறகு மூடுபனிக்குள் இருந்த கண்ணுக்குத் தெரியாத மேல் வரிசைகள், யாரோ ஒரு பெரிய போர்வையை இழுத்து மூடியதுபோல. கொடிக்கம்பத்தில் கயிறு தட்டுவது கேட்டது. வெர்ன் கையில் காப்பிக் கூஜாவைச் சாய்த்தபடி அப்படியே நின்றுவிட்டான். என்ன செய்கிறீர்கள், அவன் வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறான், கண் தெரியவில்லையா, அவன் நம்மவன் இல்லை... நம் பிள்ளைகளுக்கே அது பிடிபடவில்லை, மறிக்க நிற்கிற எங்கள் ஆட்கள் திரும்பித் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்கள், வீட்டுக்குள் வந்து வேறு யாருடைய வீடோ என்று நிற்பவர்களைப்போல. கீழிருந்து டுப்ரேயின் குரல் மட்டும் ஏறி வந்தது, சின்னக் குரல், ஒவ்வொரு எண்ணும் தெளிவாக, பக்கத்து அறையில் யாரோ எண்ணுவதுபோல.

ஒரே ஒரு தொண்டைதான் கத்திக்கொண்டிருந்தது. பெண்குரல். "கத்துங்கய்யா, வாயில என்ன கொழுக்கட்டையா, கத்துங்க..." என்று எங்கள் அறையின் அடுத்த ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கிரெட்டா. நாங்கள் ஜெயித்தால் அவளுக்கு நாற்காலி கிடையாது. அவளுக்கு அது தெரியாதா? தெரிந்தும் எங்கள் பெயருக்காக இந்தப் பெரிய மைதானத்தில் அவள் ஒருத்தி... பிறகு அவளும் நிறுத்தினாள். பாதிச் சொல்லில் நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள், என் முகத்தை அல்ல, அதற்குக் கொஞ்சம் கீழே.

"அப்பா," என்றாள், மிக மெதுவாக, "கைய எறக்குங்க."

எந்தக் கை என்று கேட்க வாய் எடுத்தேன், உதடு திறக்கவில்லை, அதன்மேல் என் விரல் இருந்தது, நிமிர்ந்து, அழுத்தமாக. அவளை நோக்கித்தான். எப்போது தூக்கினேன்... இறக்கலாம், இறக்க எவ்வளவு நேரமாகும், ஆனால் கீழே அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான், இன்னும் முடிக்கவில்லை, பந்து இன்னும் அவன் கைக்கு வரவில்லை, வந்துவிடட்டும், அதுவரை யாரும் ஒரு சத்தமும்...