சாமுவேல்ராஜுக்குக் கப்பு கிடைக்குமா

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சுதான். கார்ப் பந்தயத்தில் சாமுவேல்ராஜுக்கு இந்தத் தடவையாவது கப்பு கிடைக்குமா, கிடைக்காதா? பருத்தி விலை கேட்க வந்தவனும் இதைத்தான் பேசினான், தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி இறக்க வந்தவனும் இதைத்தான் பேசினான். காருக்கு எஞ்சின் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியாதவர்களெல்லாம் அடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கச் சகிக்காது அந்தக் கூத்தை!

"மெட்ராஸ்காரன் வண்டி நம்ம வெயிலுக்குத் தாங்குமாவே? நாலு சுத்து சுத்துனா தண்ணி கொதிச்சுப் போவும். கப்பு சாமுவேலுக்குத்தான்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீரு. மூணாவதா வந்தான். அதுக்கு முந்தி நாலாவது."

"அது கோயமுத்தூரு, அசலூரு. இது நம்ம கயத்தாறு. சொந்தக் காத்து, சொந்தப் புழுதி, சொந்த ஜனம். பாத்துக்கிட்டே இரும்."

பேச்சுக்கு உரியவன் மூலை பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஜெயிப்பேன் என்றோ தோற்பேன் என்றோ சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. அவன் ஓட்டுகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒரு நடை பாக்கி இருந்தது. கண்டக்டர் குருசாமி பஸ்ஸில் தட்டிக் கூப்பிட்டதும் டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு எழுந்து போனான்.

அறுபத்து மூன்றாம் வருஷத்துப் பங்குனி அது. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ்ஸுக்கு சாமுவேல்ராஜ் டிரைவர். இருபத்தேழு வயதுதான், ஆனால் ராத்திரி வீட்டுப் படியேறும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான். எஞ்சின் சூடு வலது காலைப் பொசுக்கும், கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப் போகும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். மனைவி மேரிராணி விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, "இந்த வேலைய விட்டுத் தொலைங்களேன்" என்பாள். விட்டுவிட்டு எங்கே போக? அதையும் அவளே யோசித்து வாயை மூடிக்கொள்வாள்.

ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் அவனைக் கொன்றது. அந்த ரோட்டில் ஸ்டாப்பிங் என்று பேருக்கு நாலைந்து உண்டு, ஆனால் எவன் அங்கே போய் நிற்கிறான்? அவரவர் காட்டுக்கு நேரே ஏறி நின்று கையைத் தூக்குவார்கள். தூக்கினால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தாமல் போனால் அடுத்த வண்டிக்கு அந்த ஆள் பொட்டல் வெயிலில், ஒதுங்க ஒரு மரநிழல் இல்லாமல், அரை நாள் காய வேண்டும். அப்படிக் காயவிட சாமுவேல்ராஜுக்கு மனசு வராது. முதலாளி திட்டினாலும் சரி, நேரம் தப்பினாலும் சரி, கை தூக்கினால் வண்டி நிற்கும்.

"ஆளு கைய தூக்குனா உம்ம கண்ணுக்கு முந்தி உம்ம காலு பாத்துருதுவே" என்று குருசாமி கேலி பண்ணுவான்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பந்தயக் கார் எங்கே வாய்த்தது என்றால், அதற்கு சங்கரபாண்டியைச் சொல்ல வேண்டும். ஊரில் பருத்தி அரைக்கிற ஜின்னிங் பேக்டரி வைத்திருந்த குடும்பத்து மூத்த மகன் அவர். ஒரு தடவை மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஃபார்முலா வண்டி என்பார்கள் அதை. ஒற்றை ஆள் உட்காருகிற மாதிரி, மேல்மூடி இல்லாமல், தரையோடு தரையாகக் கிடக்கும். விபத்தில் நொறுங்கிய ஒரு ஃபியட்டின் எஞ்சினை வாங்கி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருந்த வெயிலுமுத்துவிடம் கொடுத்து, ஊரிலேயே ஒன்றைச் செய்துவிட்டார். வண்டி முடிந்த சமயம் பார்த்து அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. மறுவீட்டு விருந்தெல்லாம் தின்று முடித்து வந்து பார்த்தால், ஆள் உள்ளே இறங்கவில்லை! வெயிலுமுத்து சிரிப்பை அடக்கமாட்டாமல் பட்டறைக்குப் பின்னால் ஓடிவிட்டானாம்.

ஒரு மழை நாளில், கரிசல் களியில் வழுக்கிக்கொண்டு ஓடைக்குள் சரியப் பார்த்த பஸ்ஸை சாமுவேல்ராஜ் அலுங்காமல் மீட்டுக் கொண்டுவந்ததை சங்கரபாண்டி பார்த்திருந்தார். கூப்பிட்டு உட்கார வைத்தார். சீட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தான்.

சாமுவேல்ராஜுக்கு அந்த வண்டி பிடித்துப்போனது வேகத்துக்காக அல்ல. அதில் ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. கோழிக்கூடை இல்லை, சில்லறைச் சண்டை இல்லை. மிதித்தால் போய்க்கொண்டே இருக்கலாம். அவனுக்கு அதுதான் ஓய்வு.

இந்தப் பந்தயம் வெறும் கப்போடு போகிற விஷயமாகவும் இல்லை. மெட்ராஸில் ஒரு கார்க் கம்பெனியில் புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வேலை ஒன்று காலியாக இருந்தது. கம்பெனியில் இருந்த சங்கரபாண்டியின் சிநேகிதர் பச்சையாகச் சொல்லிவிட்டார்: ஒரு பந்தயமாவது ஜெயித்த ஆளாக இருந்தால்தான் மேலிடத்தில் பேச முடியும். அவரே பந்தயத்துக்கு நேரில் வருகிறார். இன்னொரு பக்கம் சங்கரபாண்டியின் அப்பா, இதுதான் கடைசி, இதற்குப் பிறகு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று ஒரே பிடியாக நின்றார். ஜெயித்தால் மெட்ராஸ். தோற்றால் ஆயுசு முழுக்கக் கழுகுமலை பஸ். மேரிராணி டிரங்குப் பெட்டியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டாள், பாவம்.

கயத்தாறு பக்கம், சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறங்கப் போட்ட தளம் ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பெருக்கி, இரண்டு கோடியிலும் தார் டின்களும் வைக்கோல் மூட்டைகளும் அடுக்கித் திருப்பம் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கயிறு கட்டி ஜனங்களை உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகாமல் நேரே வந்திருந்த சாமுவேல்ராஜுக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. முந்தின நாள் கடைசி நடை வரை பஸ் ஓட்டியிருந்தான். உடம்பு அடித்துப் போட்டது போல வலித்தது.

"என்னவே, மொகம் இப்படிக் கெடக்கு? தூங்கலியா?" என்றார் சங்கரபாண்டி.

"தூங்குனேன் அண்ணாச்சி. தூங்குனா தீருத அலுப்பா இது?"

அப்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பார்த்தால், அவன் பஸ் ஜனம்! தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், பருத்திக்காட்டுச் சம்சாரிகள், கழுகுமலை வாத்தியார், எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்கள். குருசாமி விசில் அடித்தான். தினம் காலையில் இடைவழியில் ஏறுகிற சுடலையம்மாள், கூட்டம் கூடுமென்று கேள்விப்பட்டு வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு வந்திருந்தாள். வியாபாரமும் ஆச்சு, வேடிக்கையும் ஆச்சு.

"பாத்து ஓட்டுய்யா! கண்ணு பட்டுறாம!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

சாமுவேல்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

கொடி இறங்கியது. ஏழு வண்டிகள் கிளம்பின. டீக்கடைக்காரர்கள் சொன்னது பலிக்கத்தான் செய்தது. சும்மா சொல்லக்கூடாது, வெயில் அன்றைக்கு வெளுத்து வாங்கியது. ஒரு வண்டி ஆவி கக்கிக்கொண்டு ஓரம் கட்டியது, இன்னொன்று திருப்பத்தில் வைக்கோலுக்குள் புகுந்தது. காற்று திடீர் திடீரென்று கரிசல் புழுதியை வாரித் தளத்தின் மேல் போட்டது. மற்றவர்கள் புழுதியைக் கண்டு காலைத் தளர்த்தினார்கள். அவனுக்கு என்ன, தினம் தின்கிற புழுதிதானே! நேரே உள்ளே போய் வெளியே வந்தான். ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போயிற்று. கடைசியில் அவனும் மெட்ராஸ்காரன் ஓட்டிய பச்சை வண்டியும்தான் மிச்சம். கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் திருப்பத்தில் உள்பக்கமாகப் புகுந்து பச்சை வண்டியையும் தாண்டிவிட்டான்.

கடைசிச் சுற்று. கடைசித் திருப்பமும் முடிந்தது. எதிரே நேர் ரோடு, அதன் முடிவில் கொடிக்காரர். அவ்வளவுதான், மிதித்துக்கொண்டே போனால் போதும். ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. துண்டைச் சுற்றினார்கள், குதித்தார்கள். அதெல்லாம் அவன் கண்ணில் படவே இல்லை.

ஆனால் கயிறு முடிந்த இடத்துக்கு அப்பால், கூட்டத்தை விட்டு விலகி, தளத்தின் ஓரத்தில் ஒருத்தி தனியே நின்றிருந்தாள். தலையில் கூடை. இடது கை கூடையைப் பிடித்திருந்தது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

சாமுவேல்ராஜ் எதுவும் நினைக்கவில்லை. நினைக்க நேரமும் இல்லை. கிளட்சும் பிரேக்கும் ஒரே சமயத்தில் அமுங்கின. வண்டி கிறீச்சிட்டுப் பின்பக்கம் வீசியது. அய்யோ, என்ன செய்துவிட்டோம் என்று புத்தி வந்து, ஸ்டியரிங்கை ஒடித்து நேராக்கி, கியரை மாற்றி மறுபடி மிதிப்பதற்குள் பச்சை வண்டி பக்கத்தில் வந்து, முன்னால் போய், கொடியைத் தாண்டிவிட்டது. அரை வண்டி தூரம். அவ்வளவே.

வண்டியை நிறுத்திவிட்டு அவன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கிடந்தான்.

சங்கரபாண்டி மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னால் மெட்ராஸ் சிநேகிதர். "என்னவே ஆச்சு? கையில வந்த கப்பு! பிரேக்கு தானா பிடிச்சிட்டா? ஏலே வெயிலுமுத்து, என்னத்தலே மாட்டித் தொலைச்ச?"

வெயிலுமுத்துவின் முகம் வெளிறிவிட்டது. அந்த பிரேக்கை ஒவ்வொரு துண்டாகக் கடைந்து செய்தவன் அவன்.

அந்தச் சிநேகிதர் நல்ல மனுஷர். "பிரேக் கோளாறுன்னா டிரைவர் மேல தப்பே இல்லை சங்கரபாண்டி. ஓட்டினதை நான் பார்த்தேனே. ஜெயிச்ச மாதிரிதான்னு மேலே பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

ஒரு வார்த்தை போதும். 'ஆமா' என்றால் மெட்ராஸ். சாமுவேல்ராஜ் தலையைத் தூக்கி வெயிலுமுத்துவைப் பார்த்தான். அவன் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான். பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டும். அது சாமுவேல்ராஜிடம் இல்லை.

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. நான்தான் மிதிச்சேன்."

"எதுக்குலே மிதிச்ச?"

"அந்தம்மா கைய தூக்குனாவ."

சங்கரபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். சிநேகிதர் சிரிக்கவில்லை. அவன் தோளில் கையை வைத்தார். "வண்டியில கோளாறுன்னா மாத்திடலாம் தம்பி. கால் பழகின பழக்கத்தை எந்தக் கம்பெனி மாத்தும்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பச்சை வண்டிக்காரருக்குக் கை கொடுக்கப் போனார். சங்கரபாண்டி கொஞ்ச நேரம் வண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் போய்விட்டார். அவருடைய வண்டிக்கும் அன்றோடு சரி.

சாமுவேல்ராஜ் வண்டி நிழலில் தரையில் உட்கார்ந்தான். சுடலையம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பல்.

"பாத்தியளா எல்லாரும்? அம்புட்டு வேகத்துல போறான், என்னைப் பாத்துட்டு நிறுத்தப் பாத்தானே! மெட்ராஸ்காரன் எவனாச்சும் திரும்பிப் பாத்தானா?" என்று ஊருக்கே சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்கள், ஆமா, ஆமா என்றார்கள்.

அவனுக்கு அவள் மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்து கத்திவிடலாம் போல இருந்தது. அதற்குள் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரே குந்தினாள். இருந்ததிலேயே பிஞ்சாகப் பொறுக்கி அவன் கையில் திணித்தாள். குரல் சட்டென்று தணிந்தது.

"நீ செயிச்சா மெட்ராசுக்குப் போயிருவன்னு குருசாமி சொன்னாம்யா. ஒரு வாரமா செயிக்கணும்னு வேண்டிக்கிடவும் மனசு வரல, தோக்கணும்னு வேண்டிக்கிடவும் வாய் வரல. நீ போயிட்டா எங்களுக்கு எவன் நிறுத்துவான்?"

சாமுவேல்ராஜ் பிஞ்சைக் கடித்தான். கோபம் எந்த வழியாகப் போயிற்று என்று தெரியவில்லை, அலுப்புதான் அப்படியே இருந்தது. தூரத்தில் கப்பைக் கொடுத்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே போக மாட்டீல்லா? நாளைக்கு மொத வண்டி நீதான?" என்றாள் அவள், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"நான்தான் ஆத்தா," என்றான். "இனிமே எப்பவும் நான்தான்."

சுடலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுகுமலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.