கிழமை தவறாமல்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டாவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் அந்த நாலாம் மாடி வீட்டின் குசினியில் இருந்தவர்கள்:

அருட்செல்வம். வீட்டின் சொந்தக்காரர். மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத் தமிழ்ப் பூசையில் வேத வாசகம் வாசிப்பார். மற்ற நாட்களிலும் அதே குரலில்தான் கதைப்பார்.

டெனிஸ். அருட்செல்வத்தின் மனைவியின் தம்பி. ஒஸ்லோவில் வளர்ந்தவன். எதற்கும் முதலில் சிரிப்பான், பிறகு கையை ஓங்குவான்.

அஷ்வின். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்து, நவம்பரில் அந்த வேலையை இழந்தவன். டிசம்பர் கடைசியிலிருந்து இந்த வீட்டின் சின்ன அறையில் படுத்துக்கொண்டு, பெரிய அறையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டான்.

மார்க்கஸ். பயிர் விஞ்ஞானப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டவன். பிறகு நகருக்கு வெளியே, விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கும் ஒரு கூடத்தில் இரவு வேலை பார்த்து, அதையும் விட்டவன்.

பெரிய அறையில் பதினொரு கஞ்சாச் செடிகள் இருந்தன. பூக்கும் பருவம். இந்தப் பருவத்தில் அவற்றுக்குப் பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் இருட்டு. இருட்டு நேரத்தில் கதவைத் திறக்கக்கூடாது. விளக்குகள் பன்னிரண்டு மணிக்குத் தாமாகவே எரியும். ஆகவே நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் காத்திருந்தார்கள்.

மார்க்கஸின் பை வாசற்கதவடியில் இருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். அஷ்வின் இரண்டு தரம் பார்த்தான்.

முந்தின நாள் அருட்செல்வம் மார்க்கஸுக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "இலையெல்லாம் எரிஞ்சு போச்சு. உவன்தான் ஏதோ ஊத்தியிருக்கிறான். வந்து பாத்து என்ன வருத்தம், என்ன நோயெண்டு சொல்லு. உவன் போனால் அறை உனக்கு."

மார்க்கஸுக்கு அறை தேவைப்பட்டது. ஸ்டோவ்னரில் அவனுடைய அக்கா கரோலினா, தன் சோபாவை இன்றைக்குள் காலி செய்து தரச் சொல்லியிருந்தாள். அஷ்வினுக்கும் இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. வெளியே மைனஸ் பதின்மூன்று. இருவருக்கும் இருந்தது ஒரே அறை. அது யாருக்கு என்பதைப் பதினொரு செடிகளின் இலைகள் சொல்ல வேண்டும்.

"என்ன சார், யோசிக்கிறீங்க?" டெனிஸ் இந்தியத் தமிழில் இழுத்தான். "சாம்பார் கொண்டு வரட்டுமா, சார்?"

"வேண்டாம். உங்க வீட்டு சாம்பார் நான் சாப்பிட்டிருக்கேன்," என்றான் அஷ்வின்.

டெனிஸின் சிரிப்பு நின்றது. "அத்தான், உவனுக்கு வாய் பாருங்கோ. முதல் நாள் 'பசளை எங்கை இருக்கு' எண்டு கேட்டதுக்கு, 'பசலைக்கீரையா, ஃப்ரிஜ்ல இல்லையே' எண்டவன்."

"உரம்னு சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நீர் எங்கடை தமிழைத் திருத்த வேண்டாம்," என்றார் அருட்செல்வம். "நீர் இருக்கிறது எங்கடை வீட்டிலை."

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். விசிறிகள் இரையத் தொடங்கின. கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் கோடாக விழுந்தது. அருட்செல்வம் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

வெக்கையும் நாற்றமும் முகத்தில் அறைந்தன. மார்க்கஸ் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றான். பூக்கள் கட்டத் தொடங்கியிருந்தன, ஆனால் சிறுத்துப் போயிருந்தன. இலைகள் கறுப்பு என்று சொல்லக்கூடிய கடும்பச்சை. மெழுகு பூசியதுபோல் மினுங்கின. நுனி ஒவ்வொன்றும் கருகி, பருந்தின் நகம்போல் கீழே வளைந்திருந்தது.

"பூச்சி," என்றான் டெனிஸ். "நான் படத்திலை பாத்தனான். சின்னச் சிலந்தி."

மார்க்கஸ் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஐந்தாறு இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். "வலை இல்லை. புள்ளி இல்லை. முட்டை இல்லை. நீ பாத்த படம் வேறை ஆரின்ரையோ வீடு."

"விளக்குச் சூடு?"

"சூடெண்டால் விளக்குக்குக் கிட்ட உள்ளதுதான் எரியும். மூலையிலை நிக்கிறதும் இப்பிடித்தான் இருக்கு."

"அப்ப நான் சொன்னது," என்றார் அருட்செல்வம். "குளோரின். கக்கூஸ் கழுவுறது. ஊத்தியிருக்கிறான்."

மார்க்கஸ் குந்தியிருந்து சாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மண்ணின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. பதினொன்றிலும் ஒரே அளவு. கோபத்தில் ஊற்றுகிறவன் பதினொரு சாடிக்கும் அளந்து ஊற்ற மாட்டான். முதல் மூன்றுக்குள் கோபம் தீர்ந்துவிடும். பூச்சியும் இப்படிச் சமமாகப் பங்கிட்டுத் தின்னாது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் போய்ச் சேர்ந்தது ஒன்றுதான்: வாளித் தண்ணீர்.

"பசளைப் போத்தலைக் காட்டுங்கோ."

தை மாதம் முதல் கிழமையில் வாங்கிய ஒரு லீற்றர் போத்தல். வாரம் ஒரு மூடி என்றால் இன்றைக்கு ஐந்து மூடி குறைந்திருக்க வேண்டும். மார்க்கஸ் தூக்கிக் குலுக்கினான். அடியில் ஏதோ நக்கல் சிரிப்புப்போலச் சலசலத்தது. அவ்வளவுதான்.

"பசளை கூடிப்போச்சு," என்றான். "வேறை ஒரு வருத்தமும் இல்லை. தின்னக் குடுத்தே கொன்றிருக்கு."

அருட்செல்வம் அஷ்வினிடம் திரும்பினார். "எவ்வளவு ஊத்தினனீர்?"

"சொன்ன மாதிரிதான். கிழமைக்கு ஒரு மூடி."

"கிழமைக்கு ஒரு மூடி?"

"ஆமா."

"அப்ப போத்தில் ஏன்டா காலி?"

"ஊத்தினா காலியாகத்தானே செய்யும்?"

டெனிஸ் அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மார்க்கஸ் கவனித்தது வேறொன்றை: 'நீர்' போய் 'டா' வந்துவிட்டது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு திரும்பிப் போக வழியில்லை.

"நான் சொல்லட்டே ஏனெண்டு?" அருட்செல்வம் வாசகக் குரலை எடுத்தார். "போன மாசம் வந்து கேட்டவன், தன்னை வேலைக்கு வைச்சிருக்கிறன் எண்டு விசாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டாம். ஏலாது எண்டனான். அந்தப் பழியை என்ரை செடியிலை தீர்த்திருக்கிறான். முகத்துக்கு முன்னாலை 'ஆமாங்க, ஆமாங்க'. பின்னாலை இது."

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலைங்க. ஒரு நாள்கூட—"

"வாயை மூடு. பத்து நிமிசம். உடுப்பை அடுக்கிக்கொண்டு வெளியிலை போ." பிறகு, அதே மூச்சில்: "மார்க்கஸ், போய் அறையைப் பார்."

சின்ன அறையில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, சுவரில் ஒரு கண்ணாடி, பனி படிந்த ஒரு யன்னல். ஹீற்றர் நன்றாக வேலை செய்தது. மார்க்கஸ் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தான். அஷ்வின் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைகளை மடித்தான். வெளியே தள்ளப்படுகிறவன் இவ்வளவு ஒழுங்காக மடிக்க வேண்டியதில்லை.

அலுமாரிக் கதவு திறந்து கிடந்தது. அதன் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே நீல மையில்: "உரம் — கிழமைக்கு ஒரு மூடி." அதன் கீழே ஏழு கட்டங்கள்: ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. அவற்றின் கீழே ஐந்து வரிசை. இன்றைய சனியைத் தவிர ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சரி அடையாளம். ஒன்றுகூடத் தவறவில்லை.

மார்க்கஸுக்குச் சத்தம் வராத ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அது போய்விட்டது.

பசளை அளவைச் சொன்னது மார்க்கஸேதான். தையில் அருட்செல்வம் கேட்டபோது குரற்பதிவு அனுப்பினான். அருட்செல்வம் அதை அப்படியே அஷ்வினுக்கு அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் கிழமை என்றால் ஏழு நாள். கோயம்புத்தூரில் கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை. ஒவ்வொரு நாளும் ஒரு கிழமை. இவன் ஏழு மடங்கு ஊற்றியிருக்கிறான், அதுவும் அடையாளம் போட்டு. தான் பிழை செய்ததே இவனுக்கு இன்னும் தெரியாது. அருட்செல்வத்துக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு ஒருவரை ஒருவர் பொய்யன் என்கிறார்கள்.

தெரிந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

தாளை மெல்ல உரித்தான். நாலாக மடித்து, பூதக்கண்ணாடி இருந்த சட்டைப்பையில் வைத்தான். கட்டிலின் நீளத்தைக் கண்ணால் அளந்தான். கால் நீட்டிப் படுக்கலாம்.

நடையில் அருட்செல்வம் அஷ்வினின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அஷ்வின் இரண்டு பைகளோடு வந்து சப்பாத்துப் போடக் குனிந்தான். டெனிஸ் அவனுடைய தொப்பியைக் காலால் தள்ளிவிட்டான்.

"போற வழியிலை உந்தக் கட்டிடம் பாக்கிற வக்ட்மேஸ்தரிட்டையோ பொலிசிட்டையோ ஏதும் சொன்னியோ," என்றான், "உன்ரை விசாக் கதையும் சேந்துதான் வெளியிலை வரும். விளங்குதே, சார்?"

அஷ்வின் தொப்பியை எடுத்துத் தட்டினான். 

"மார்க்கஸ்," என்றார் அருட்செல்வம். "நீ படிச்சனி. இவனுக்கு முன்னாலை சொல்லு. இது வேணுமெண்டு செய்ததுதானே? ஓம் எண்டு சொல்லு, கதை முடியட்டும்."

ஓம் என்றால் போதும். ஓரெழுத்தும் ஓர் ஒற்றும்.

கீரைக் கூடத்தில் பூஞ்சணம் பிடித்தபோதெல்லாம், மேற்பார்வையாளன் அறிக்கையில் "தண்ணீர் குறைவு" என்று எழுதி அவனிடம் நீட்டுவான். மார்க்கஸ் கையெழுத்துப் போடுவான். மூன்று மாதம் போட்டான். ஒரு இரவு பேனாவை மேசையில் வைத்துவிட்டு, கோட்டையும் எடுக்காமல் வெளியே நடந்தான். நல்லவன் என்பதால் இல்லை. வருத்தத்துக்குப் பிழையான பெயர் வைப்பதை அவனால் பார்க்க முடிவதில்லை, அவ்வளவுதான். அதனால் அவனுக்கு இதுவரை ஒரு பிரயோசனமும் வந்ததில்லை.

"இல்லை," என்றான்.

"என்ன இல்லை?"

தாளை எடுத்து விரித்தான். "இதைப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் ஊத்தியிருக்கிறான். அவன்ரை ஊரிலை கிழமை எண்டால் நாள். என்ரை பதிவைப் போட்டுக் கேளுங்கோ."

அருட்செல்வம் போனைத் தேடி எடுத்தார். மார்க்கஸின் குரல், ஐந்து கிழமைக்கு முந்தியது, நித்திரைக் கலக்கத்தில், நடையில் கேட்டது: "கிழமைக்கு ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணியிலை. பூக்கிற காலம், மறந்துபோகக் கூடாது. கிழமை தவறாமல் போட வேணும்."

 பிறகு டெனிஸ் வெடித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கிழமை தவறாமல்! ஹெல்வெத்தெ! தவறவே இல்லை அத்தான், பாருங்கோ, நத்தாருக்கு நாள் எண்ணுற கலண்டர் மாதிரி அடையாளம் போட்டிருக்கிறான்!"

அருட்செல்வம் சிரிக்கவில்லை. தாளை வாங்கி, வரிசை வரிசையாக விரல் வைத்துப் பார்த்தார். "இப்ப என்ன செய்யிறது?" என்று தாளைப் பார்த்தே கேட்டார்.

"பசளையை நிப்பாட்டுங்கோ. வெறும் தண்ணியாலை மண்ணை நல்லாக் கழுவ வேணும். எரிஞ்ச இலை திரும்பி வராது. மிச்சம் தப்பினால் தப்பும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மருந்தையும் கொடுத்தாயிற்று. இனி அவன் எதற்கு?

அருட்செல்வம் திறப்பை அஷ்வினிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற மாதிரி ஒன்றும் அவர் முகத்தில் இல்லை. "பையை உள்ளை வை. வாளியை எடு. வெறும் தண்ணி. ஏழு நாளைக்கு." விரல்களை விரித்துக் காட்டினார். "ஏழு."

பிறகு மார்க்கஸிடம் வந்தார். "இவனுக்கு மூளை இல்லை. ஆனால் சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்யிறான். உனக்கு மூளை இருக்கு, ஒரு வசனம் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. என்ரை செடியைக் கொன்றது உன்ரை வாய். எனக்கு எவன் வேணும், நீயே சொல்லு."

"அண்ணை, அறை—"

"எந்த அறை?"

டெனிஸ் மார்க்கஸின் பையைக் காலால் வெளியே தள்ளினான். அது படிக்கட்டுத் தளத்தில் சறுக்கி எதிர்வீட்டுக் கதவில் முட்டி நின்றது. "ஸ்டோவ்னருக்கு பஸ் இருக்கு," என்றான். "கிழமைக்கு ஒண்டு."

மார்க்கஸ் வெளியே வந்து பையைத் தூக்கினான். திரும்பியபோது அஷ்வின் வாசலில் நின்றான், ஒரு கையில் வாளி, ஒரு கையில் திறப்பு. நன்றி வேண்டாம் என்று சொல்ல மார்க்கஸ் ஒரு வசனத்தை வாய்க்குள் தயார் செய்தான்.

"வாரம்னு சொல்லியிருக்கலாம்ல," என்றான் அஷ்வின்.

"சொல்லியிருக்கலாம்."

"அந்தப் பேப்பர். அலமாரியில இருந்து எப்ப எடுத்தீங்க?"

மார்க்கஸ் பையைத் தோளில் மாட்டினான்.

"நான் சட்டை மடிக்கும்போது. நீங்க ஹீட்டர் தொட்டுப் பார்த்தது, கட்டில் அளந்தது, எல்லாம் சுவர்க் கண்ணாடியில தெரிஞ்சுது. எதையோ மடிச்சு வெச்சீங்க. என்னன்னு தெரியலை." வாளியைக் கீழே வைத்தான். "ஷூ போடுற வரைக்கும் அது உங்க பாக்கெட்ல இருந்திருக்கு."

"கடைசியிலை எடுத்தனான்தானே?"

அஷ்வின் அவனை மேலும் கீழும் பார்த்தான், இலையைத் திருப்பிப் பூச்சி தேடுகிறவன்போல.

"உங்களுக்கு இடம் கிடைக்கட்டும்," என்றான். "இங்க வேண்டாம்."

கதவு மூடியது. பூட்டு ஒரு தரம் திரும்பியது, இன்னொரு தரம் திரும்பியது, பிறகு சங்கிலி.