பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீடு ஒரு வீட்டில் பாதி. சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிப்போட்ட இரட்டை வீடுகளில் ஒன்று. நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவருக்குள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே புகைபோக்கி. சுரங்கத்தை மூடிவிட்டுக் கம்பெனி போனபிறகு, அவரவர் பாதி அவரவருக்கு என்றாகிவிட்டது. ஆனால் கனடாவின் கிழக்கோரம் இந்தக் கேப் பிரட்டன் தீவில் யாரும் தன் பாதியைப் பாதி என்று சொல்வதில்லை. "என் வீடு" என்றுதான் சொல்வார்கள். கூரை மாற்றினால் நடுக்கோடு வரைக்கும் மாற்றி நிறுத்திக்கொள்வார்கள். இந்தப் பக்கம் புதுத் தகடு, அந்தப் பக்கம் பாசி. எங்கள் பாதிக்கு வெள்ளைச் சாயம். என் சித்தப்பா டூகல்ட்டின் பாதிக்குப் பச்சை.

அப்பா லாக்கி கோடையின் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். நிலத்துக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் கரி வெட்டிய நுரையீரல். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்தபடியே தூங்கினார். டாக்டர் அம்மாள் என்னைத் தனியே அழைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வீட்டுக்கு அனுப்பறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா வீட்டுக்குள்ள எதுவும் எரியக்கூடாது. கரி, எண்ணெய், விறகு, எதுவும். ஈரமும் ஊதக்காத்தும் இருக்கக்கூடாது. கிறிஸ்துமஸுக்குள்ள வீடு தயாராகலைன்னா முதியோர் இல்லத்துல எங்க இடம் காலியாகுதோ அங்க அனுப்பிடுவாங்க. எந்த ஊர்னு நாம கேக்க முடியாது."

அப்பா கேட்டது ஒன்றுதான். "முன்னறையில கட்டிலைப் போட்டுடு மர்டீனா. ரோட்டைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறேன். மேல படி ஏற முடியாது."

நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். எதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவு பிறக்கும். நிலவறையில் இருந்தபடி வீட்டைச் சூடாக்கிய எண்ணெய்ச் சூளை அப்பா வேலையில் இருந்த காலத்தில் வாங்கியது. எண்ணெய்த் தொட்டியின் அடி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விற்பவர் புதுச் சூளை போடச் சொன்னார். மாதா கோயில் கூடத்தில் பெண்கள் மரத்தூள் குச்சி அடுப்பைப் புகழ்ந்தார்கள். இரண்டிலும் ஏதோ ஒன்று எரிகிறது. சுவரோரம் ஓடும் மின்சார வெப்பப் பட்டைகளில் எதுவும் எரியாது, ஆனால் இந்த ஓட்டை வீட்டில் அவை கடற்கரையைச் சூடாக்குவதற்குச் சமம். மிஞ்சியது ஹீட் பம்ப். வெளியே ஒரு பெட்டி, உள்ளே சுவரில் ஒரு பெட்டி. குளிர்காற்றில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தையும் பிழிந்து உள்ளே தள்ளும். இப்போது தெருவுக்குத் தெரு தொங்குகிறது. அதைப் போடுவதற்கு முன் வெளிக்காற்று புகாதபடி வீட்டை இறுக்க வேண்டும் என்றார்கள்.

நகரத்திலிருந்து ஷெல்டன் என்ற இளைஞன் சோதனைக்கு வந்தான். வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தான். வீடு விசில் அடித்தது. ஜன்னல், தரை, மின்சாரப் பெட்டி, எல்லா இடுக்கிலிருந்தும் காற்று வந்தது.

"அக்கா, இது வீடு இல்ல, வலை. இத்தனை வருஷம் எப்படிக் குடியிருந்தீங்க?"

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு."

அவன் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தான். "இந்தப் புகைபோக்கி?"

"எங்க பக்கம் செங்கல் வச்சு அடைச்சு எத்தனையோ காலம் ஆச்சு."

"அப்ப சரி" என்று எழுதிக்கொண்டான். அது செப்டம்பர். சித்தப்பா இன்னும் அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

வேலை ஒழுங்காக நடந்தது. பரணில் குளிர் தடுக்கும் பஞ்சு நிரப்பினார்கள். வெளிச்சுவரில் துளை போட்டு உள்ளேயும் அதைத் தூவி அடைத்தார்கள். சூளையையும் தொட்டியையும் வெட்டி எடுத்துப் போனார்கள். முன்னறைச் சுவரில் ஒன்று, சமையலறைச் சுவரில் ஒன்று என்று வெள்ளைப் பெட்டிகள் ஏறின. நான் அப்பாவின் கட்டிலை ஜன்னலோரம் போட்டு, புது உறை மாட்டி, சும்மா அதன்மேல் படுத்துப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் கால் சில்லிடாமல் நான் படுத்தது அதுதான் முதல் தடவை.

நவம்பரில் ஷெல்டன் கடைசிச் சோதனைக்கு வந்தான். விசிறியைப் போட்டதும் வீடு முன்போல விசில் அடிக்கவில்லை. அவன் சிரித்தான். பிறகு மூக்கைச் சுருக்கினான். எனக்கும் வந்தது. கரிப்புகை. கூடவே பன்றிக்கறி வறுபடும் வாசனை.

"யார் சமைக்கிறாங்க?"

"பக்கத்து வீடு. என் சித்தப்பா."

அவன் விசிறியை நிறுத்திவிட்டான். புகை வரும் சிறு குச்சி ஒன்றை நடுச்சுவரின் அடிப்பலகையோரம் பிடித்தான். விசிறி இல்லாமலே அந்தப் புகை சுவரை விட்டு விலகி எங்கள் அறைக்குள் வளைந்தது. அவன் கையிலிருந்த நச்சுவாயு மீட்டர் கீச்சிட்டது.

"உங்க வீட்டை நல்லா இறுக்கிட்டோம் அக்கா. அதான் தொல்லை. முன்ன எல்லா ஓட்டை வழியாவும் காத்து வந்துச்சு. இப்ப வர்றதுக்கு இந்தச் சுவர் ஒண்ணுதான் பாக்கி. உள்ள செங்கல்லுக்கு நடுவுல சாந்தே இல்ல."

"பூசிடலாமா?"

"உங்க பக்கம் எவ்வளவு பூசினாலும் வேற இடத்துல கசியும். புகைபோக்கிக்குள்ள மேல இருந்து இரும்புக் குழாய் இறக்கணும். அதுக்கு அவர் அடுப்பைக் கழட்டியாகணும். இல்ல, அவரும் இதே மாதிரி மாத்திக்கணும். அரசாங்க உதவி அவருக்கும் உண்டு, ஒரு கையெழுத்துதான். சித்தப்பாதானே, சொன்னா கேப்பாரு."

கேட்பாராம்.

அப்பாவும் சித்தப்பாவும் சுரங்கம் மூடியதிலிருந்து பேசுவதில்லை. மூடும்போது இத்தனை வருஷம் வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வூதியம் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். சித்தப்பாவுக்கு ஒரு குளிர்காலம் குறைந்தது. அந்தக் குளிர்காலம் அவர் முதுகில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். அடிபட்டது சுரங்கத்துக்குள்தான் என்று யாராவது சொன்னால் அந்தக் காலமும் சேரும். விசாரணையில் பக்கத்தில் வேலை செய்த ஆளைக் கூப்பிட்டார்கள். அது அப்பா. "நான் பார்க்கலை" என்றார். அவ்வளவுதான். அப்பாவுக்கு ஓய்வூதியம் வந்தது, சித்தப்பாவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருவரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே யாரும் முன்கதவைத் தட்டுவதில்லை. பின்கதவைத் திறந்து சமையலறைக்குள் போய்விடுவதுதான் வழக்கம். நான் சித்தப்பாவின் முன்கதவைத் தட்டினேன்.

"யாரது, போலீஸா?" என்றபடி திறந்தார். "ஓ, வெள்ளை வீட்டு மகாராணி. என்னடி, வழி தப்பிட்டியா?"

"உள்ள வரலாமா சித்தப்பா?"

"வா வா. உன் வீடு அளவுக்குச் சூடு இருக்காது. எங்ககிட்ட அடுப்புதான் இருக்கு, மந்திரப் பெட்டி இல்ல."

அடுப்பு செக்கச்சிவந்து கிடந்தது. பக்கத்தில் வாளி நிறையக் கரி. கடலோரப் பாறையில் வெளியே தெரியும் கரிப்படுகையிலிருந்து அவரே கொத்திக்கொண்டு வருவது. நான் வந்த காரியத்தை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். டாக்டர் சொன்னது, மீட்டர் கீச்சிட்டது, இரும்புக் குழாய், இல்லாவிட்டால் அவருக்கும் ஒரு பெட்டி. எல்லா ஏற்பாட்டையும் நானே பார்த்துக்கொள்கிறேன், அவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றேன்.

அவர் ஒரு கரிக்கட்டியை எடுத்து அடுப்பில் போட்டார்.

"சம்பளம் வாங்கிக்கிட்டு இதே தூளை மூச்சுமூச்சா இழுத்தவன்தானே உங்கப்பன். இப்ப என் அடுப்புப் புகை ஆகாதாமா?"

"அவரால மூச்சு விட முடியலை சித்தப்பா."

"எனக்கு ஒரு குளிர்காலம் மூச்சு விட முடியலை. முதுகு அப்படி. கழிப்பறைக்குத் தவழ்ந்து போனேன். என் அண்ணன் அப்ப பார்க்கலை."

"அது அவருக்கும் உங்களுக்கும் உள்ளது. நான் என்ன செய்தேன்?"

"நீ ஒண்ணும் செய்யலை. நல்ல பொண்ணு நீ. உன் அம்மா மாதிரி." சற்று இறங்கிய குரலில் சொன்னார். "அவன் வரட்டும். இந்தக் கதவுல நின்னு, 'பார்த்தேன் டூகல்ட்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே தண்ணி ஊத்தி அணைச்சுடறேன். பென்ஷன் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"அவரால கட்டிலை விட்டு எழுந்திரிக்க முடியாது."

"அப்ப போன்ல சொல்லட்டும். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. சுவர் வழியா அவன் இருமுறது இவ்வளவு வருஷமாக் கேட்டுச்சே."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன், எண்ணும் போட்டு வைத்திருந்தேன். ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைக்கு அப்புறம் அவருக்கு முன்னறை, ஜன்னல், ரோடு.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்கலையே, மர்டீனா."

"தெரியும்பா."

"அன்னைக்கு உள்ள அப்படித் தூள். என் கையே எனக்குத் தெரியலை. அவன் கத்தினது கேட்டுச்சு. பாறை விழுந்துச்சா, அவனே விழுந்தானா, அதுக்கு முந்தின ராத்திரி குடிச்ச குடியில விழுந்தானா, நான் பார்க்கலை. சிலுவையைத் தொட்டுக்கிட்டு என்ன சொல்லச் சொல்றே?"

"கேட்டுச்சுன்னாவது அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டியான்னு யாரும் கேக்கலை. பார்த்தியான்னுதான் கேட்டாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இப்ப சிலுவை எதுவும் இல்லைப்பா. இது வெறும் போன். சொல்லிடுங்க. பொய்தான். சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க."

"உன் பாட்டுக்குப் பேசாதே."

"அந்த மனுஷனுக்கு வேண்டியது அந்த ஒரு சொல்லுதான்."

"எனக்கு மிஞ்சியிருக்கிறதும் அந்த ஒரு சொல்லுதான்" என்றார். மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

நான் இன்னும் இரண்டு வழி பார்த்தேன். சுவர் முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டி, மேலே பலகை அடித்தோம். ஷெல்டன் சம்பளம் வாங்காமல் ஒரு சனிக்கிழமை வந்து உதவினான். மீட்டர் கொஞ்சம் தாமதமாகக் கீச்சிட்டது, அவ்வளவுதான். சித்தப்பாவிடம் மறுபடி போனேன், அதே நிபந்தனைதான். போனில் அப்பாவின் குரல்போலப் பேச அவருடைய பழைய கூட்டாளி ஒருவரைக் கேட்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். சித்தப்பாவின் காது நல்ல காது, ஏமாறமாட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே முதியோர் இல்லத்தில் இடம் வந்துவிட்டது. மலையைத் தாண்டி மறுகரையில், பிரெஞ்சு பேசும் ஊர். அப்பாவுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடமும் பனிக்குவியலும். மலைப்பாதையை மூடாத ஞாயிறுகளில் நான் போய்வந்தேன். "வீடு எப்படி இருக்கு?" என்பார். "நல்லா சூடா இருக்குப்பா" என்பேன். அது உண்மை. மூலை முடுக்கெல்லாம் ஒரே சீரான சூடு. அதில் நான் ஒருத்தி, ஸ்வெட்டர் இல்லாமல், கரிவாசனையில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு புயலின்போது பாதை மூடியிருந்த நாட்களில் அவர் போய்விட்டார். போனில்தான் சொன்னார்கள்.

அப்பாவை முன்னறைக்குத்தான் கொண்டுவந்தோம். கட்டிலை எடுத்துவிட்டுச் சவப்பெட்டியை வைத்தோம். அடக்கம் செய்பவர் அந்த அறையில் மட்டும் ஹீட் பம்பை நிறுத்தச் சொன்னார். சமையலறையில் ஓடியது. இரண்டு நாள் ஊர் வந்துபோனது. பின்கதவு திறந்து திறந்து மூடியது. பெண்கள் சாண்ட்விச் வெட்டினார்கள், ஓட்ஸ் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார்கள், ஆண்கள் சமையலறையில் ரம் குடித்தபடி ஜெபமாலைக்கு எழுந்துபோனார்கள்.

சித்தப்பா முதல் நாள் காலையிலேயே வந்துவிட்டார். சவரம் செய்து, டை கட்டி. சாவுக்கு வராமலிருப்பது இங்கே யாராலும் முடியாத காரியம். பெட்டியின் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது; உதடு அசைந்தது. பிறகு சமையலறையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளும் அங்கேயே இருந்தார். சாப்பிட்டார், அழுதார், அப்பாவைப் பற்றிக் கதை சொல்லி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தார்.

இரண்டாம் நாள் மாலைதான் எனக்கு அது உறைத்தது. வீட்டில் கரிவாசனை இல்லை. அவர் இங்கேயே கிடந்ததால் அவருடைய அடுப்பைக் கவனிக்க ஆளில்லை. ஷெல்டன் விட்டுப்போன மீட்டர் அலமாரிமேல் இருந்தது. அது வாயே திறக்கவில்லை. டாக்டர் கேட்ட காற்று அதுதான்.

சித்தப்பா கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்தார். தலையை உயர்த்தி மேலே சுவர்ப்பெட்டியிலிருந்து வரும் காற்றைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சத்தமே இல்லையே இது. நல்ல சாமான்தான் மர்டீனா." கையை இறக்கினார். "இப்படி ஒரு வீட்டை வச்சுக்கிட்டு, ஏண்டி அவனை அவ்வளவு தூரம் அனுப்பினே? இங்கயே இருந்திருப்பானே."

சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய்யாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார். கண்ணில் தண்ணீர்.

அவருடைய கோட்டை எடுத்து நீட்டினேன்.

"உங்க அடுப்பு அணைஞ்சிருக்கும் சித்தப்பா. போய் மூட்டுங்க."

அவர் கோட்டை வாங்கிக்கொண்டார். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு போனார். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இரும்புக் கதவு கிரீச்சிட்டது, கரி விழும் சத்தம் கேட்டது. முன்னறையில் அப்பாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது புகை வாசனை மெதுவாக உள்ளே வந்தது. மீட்டர் கீச்சிட ஆரம்பித்ததும் எழுந்துபோய் அதன் பேட்டரியைக் கழற்றினேன்.