பிளேடக்கா உட்கார்ந்த கோடை

பிளேடக்கா ஓரிடத்தில் நின்றால் தரையிலுள்ள ஈரம் அவள் பாதம் வழியே ஏறி விரல்நுனிகளில் சொட்டத் தொடங்கும். முதலில் கவனித்தவர் வாடகை வீட்டின் சொந்தக்காரர். சமையலறைத் தரை ஊறுகிறதே என்று குழாய் ரிப்பேர்காரரை வைத்துச் சுவரை இடித்தார். காரணம் தெரிந்ததும் சுவரைப் பூசிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பயிர் ஆய்வுக்கூடத்தில், பீருக்குக் கசப்பேற்றும் பூவைத் தரும் ஹாப்ஸ் கொடியின் தண்டுகளைப் பிளேடால் மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றி, தண்ணீர் ஏறும் குழாய்களை நுண்ணோக்கியில் அளப்பது அவள் வேலை. அந்தப் பெயரும் அப்படி வந்ததுதான். காட்டு ரகத்துக்குக் குழாய்கள் ஊசித்துளைபோல இருக்கும். நிதானமாகக் குடித்துக் கோடையைத் தாண்டிவிடும். பூவுக்காக வளர்த்தெடுத்த புது ரகத்துக்கு அவை அகலம். மடமடவென்று குடிக்கும்; மண் காய்ந்தால் காற்றையும் சேர்த்து இழுத்து, குமிழி அடைத்துப் பட்டுப்போகும். அதனால் தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டவேண்டும். ஒருநாள் அவசரத்தில் புது ரகக் கொடியை வெளியே வெட்டிவிட்டாள். பதறிப்போய், தொட்டி வரும்வரை வெட்டுவாயைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு நின்றாள். கொடி பிழைத்தது. அதன் தாகம் அவளுக்கு வந்துவிட்டது.

"காட்டு ரகத்தைப் பொத்தியிருந்தா கொஞ்சம் வேர்த்ததோட போயிருக்கும்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர், வருத்தமாகத்தான்.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடந்துகொண்டே சாப்பிட்டாள், கால் மாற்றிக் கால் மாற்றி நுண்ணோக்கியைப் பார்த்தாள். கட்டிலில் காலைத் தூக்கிப் படுத்தாலோ தரையீரம் கிடைக்காமல் சற்று நேரத்தில் உதடு வெடித்தது. சாவு வீட்டிலும் வாசலோடு நடந்தே துக்கம் விசாரித்ததால், ஈரமில்லாதவள் என்று உறவில் பேர். ஒரு கோடையில் பேருந்து நிறுத்தத்தில் அசந்து நின்றபோது, காய்ந்த தரையிலிருந்து குமிழி ஏறி இடது சுண்டுவிரல் மரத்துப்போனது. உணர்ச்சி திரும்பவே இல்லை. அடுத்த குமிழி நெஞ்சுக்கும் போகலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து, மழையே பார்க்காத ஒரு கோடையில், தங்கைக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தண்ணீர் குடிக்கக் கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்றார்கள்.

"வந்ததுலருந்து கட்டிலைச் சுத்திட்டே இருக்க. உன் கொடிகூட இவ்வளவு சுத்தாது. கொஞ்சம் உக்காருக்கா."

"உக்காந்தா என்னாகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பயமா இருக்கு, அதான் கேக்கறேன்."

பிளேடக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். வலது கையால் தங்கையின் உதட்டை நனைத்தாள்; தங்கை பற்றிக்கொண்ட இடது கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் தரையீரம் தீர்ந்து அது குறைந்தது, பிறகு நின்றது. மரப்பு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது. தங்கை அந்தக் கையைப் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். உருவிக்கொள்ள மனம் வராமல், பிளேடக்கா அரைகுறையாக நினைவிருந்த ஒரு பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது வார்டு துடைக்கும் அம்மா வந்தாள்.

"இப்பதான துடைச்சேன், அதுக்குள்ள என்ன கூத்து இது? காலைத் தூக்கு."

தூக்கினாள். நோயாளிகளுக்கு உடம்பு துடைத்தது போக மீதித் தண்ணீர் இருந்த பேசினை அந்த அம்மா காலடியில் தள்ளினாள்.

"இதுல வச்சுக்க. சொட்டறது இதுக்குள்ளயே சொட்டட்டும்."

பேசினில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. மரப்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்து, சுண்டுவிரலில் மட்டும் தங்கியது. "நல்லா குடிக்கறியேம்மா நீ," என்று சொல்லி அந்த அம்மா இன்னொரு வாளி கொண்டுவந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி தன் பாட்டில் தண்ணீரில் பாதியை அதில் சாய்த்தாள்.

தங்கை குணமாகி வீட்டுக்குப் போய் வெகுகாலமாகிறது. பிளேடக்கா இன்றும் வேலை முடிந்ததும் அந்த வார்டுக்கு வந்து, துணைக்கு ஆளில்லாதவர்கள் அருகே பேசினில் கால் வைத்து உட்கார்ந்து, அவர்கள் உதட்டை நனைக்கிறாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பேசினில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் கொஞ்சம் சூடாக இருந்துவிட்டால் மட்டும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள்.