இடப்பக்கச் சாய்வு

"இது ஒண்ணை மட்டும் மன்னிக்கவே முடியாது நண்பர்களே" என்றார் கத்தரிக்கோல். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி போனைப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

கத்தரிக்கோல் என்பது நாங்கள் வைத்த பெயர். டிவி தொடர்களில் வருகிறவர்களின் பொம்மைகளை வாங்கிப் பிரித்து, நல்லது கெட்டது சொல்வது அவர் தொழில். பெட்டியைத் திறக்கும் முன் பெரிய கத்தரிக்கோல் ஒன்றைத் தூக்கிக் காட்டாமல் எந்த வீடியோவும் தொடங்காது. பொம்மை என்றால் அவருக்குப் பிடிக்காது, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று சொல்ல வேண்டுமாம். ஒன்றரைச் சாண் பிளாஸ்டிக் ஆளை நான் பொம்மை என்றுதான் சொல்வேன்.

அன்று அவர் கையில் இருந்தது கவசன். விண்கலத்துக்குள்ளேயே நடக்கும் அந்தத் தொடரை உங்கள் வீட்டிலும் யாராவது பார்த்திருப்பார்கள். கலத்துக்குக் காவல் நிற்பவன் கவசன். தலை முதல் கால் வரை இரும்பு, தோளில் கறுப்பு அங்கி, கடைசி வரை முகத்தைக் காட்டாதவன். அந்த இரும்புக்குள் ஆறு வருஷம் வெந்து வியர்த்தது என் வீட்டுக்காரர். குரல் வேறொருவருடையது. முடிவில் பெயர் போடும்போது அந்தக் குரல்காரர் பெயர்தான் ஓடும். இவர் போய்க் கேட்டதற்கு, உள்ளே யார் இருந்தால் என்ன என்றாராம் மேனேஜர். இவர் அதற்கும் சிரித்துவிட்டு வந்தார். நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன்.

இரண்டாம் வருஷம் கம்பியில் கட்டி மேலே தூக்கும்போது கம்பி அறுந்து விழுந்தார். இடுப்பில் சரியான அடி. வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கவசத்தை மாட்டிக்கொண்டு போய் நின்றார். போகாவிட்டால் வேறு ஆளை உள்ளே போட்டிருப்பார்கள், வெளியே ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதிலிருந்து உடம்பு இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. இடத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், வலது கால் அரை அடி முன்னே வந்து நிற்கும். "நேரா நில்லுய்யா" என்று டைரக்டர் தொண்டை கிழியக் கத்துவாராம். பிறகு அவருக்கே அலுத்துப்போய், அங்கியை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டு ஒப்பேற்றிவிட்டார்கள்.

தொடரைப் பார்த்த கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் இவர் தெருமுனை திரும்பும்போதே அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

பொம்மை வெளிவந்தபோது கம்பெனி நமக்கும் ஒன்று அனுப்பும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பவில்லை. நானே வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள், இன்னும் வயிறு எரிகிறது. பிரித்து மேசைமேல் நிறுத்தினால் தொப்பென்று விழுந்தது. கொடுத்த காசுக்கு நிற்கக்கூடச் செய்யாதா என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன்.

"ஏங்க, இது நீங்கங்க!"

"போடி. அது கவசன்."

"கவசன் இல்ல, நீங்க. தோளைப் பாருங்க, காலைப் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பொம்மையின் அங்கியைக் கழற்றச் சொன்னார். இடத் தோள் இறங்கியிருந்தது, வலது கால் முன்னே வந்திருந்தது. சந்தேகமே இல்லை. "எவனோ ஒருத்தன் உக்காந்து என்னைப் பாத்திருக்கான்டி" என்றார். சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். போன வருஷம் படுக்கையில் விழுந்ததற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வாரம் முழுக்க, போட்ட சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அப்படிப்பட்ட வாரத்தில் வந்தது கத்தரிக்கோலின் வீடியோ. முதலில் வாய் நிறையப் புகழ்ந்தார். வண்ணம் பிரமாதம், மூட்டுகள் பிரமாதம், அங்கியின் தையலைப் பாருங்கள் என்றார். இவர் தன்னைப் புகழ்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம் அந்த மனுஷன் தச்சர் வைத்திருக்கிற மூலைமட்டம் ஒன்றை எடுத்து, பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மன்னிக்க முடியாது என்று அவர் சொன்னது அந்தச் சாய்வைத்தான்.

"பாருங்க, இடப்பக்கம் சாயுது. கவசன் எப்படி நிப்பான்? தூண் மாதிரி நிப்பான். இது என்ன, கால் வலிக்க பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி? அச்சுலயே கோணல். செஞ்சவர் தூங்கிட்டார் போல. பத்துக்கு ஆறு, அதுக்கு மேல மனசு வரல."

இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். முகம் தொங்கிப்போயிற்று.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: "அது கோணல் இல்லை. கவசத்துக்குள் இருந்தவர் என் கணவர். அவர் அப்படித்தான் நிற்பார்." சிரிப்புப் படங்கள் வரிசை கட்டி வந்தன. "எங்க வீட்டுக்காரரும் கோணல்தான் ஆன்ட்டி, அவருக்கு எப்ப பொம்மை போடுவாங்க?" என்று கேட்டிருந்தாள் ஒருத்தி. அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம். போனை ஒளித்து வைத்திருக்க வேண்டும், எனக்குப் புத்தி போகவில்லை. இவரும் படித்துவிட்டார். "நல்லாத்தான் கிண்டல் பண்ணியிருக்கா" என்றார்.

மறுநாள், நான் எழுதியதைப் பார்த்து எண்ணைக் கேட்டு வாங்கி, கத்தரிக்கோலே கூப்பிட்டார். நல்ல மனுஷன், அதுதான் கொடுமை. திமிராகப் பேசியிருந்தால் நன்றாகத் திட்டியாவது இருப்பேன்.

"அம்மா, நீங்க சொல்றது உண்மையா இருந்தா, நான் சொன்னது தப்புன்னு நானே வீடியோ போடறேன். ஆனா தொடரை மறுபடி போட்டுப் பாத்தேன். அங்கி தொங்குறதுல ஒண்ணுமே தெரியல. ஐயாவோட பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

போட்டோ ஏது? ஸ்டுடியோ வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் எடுத்ததெல்லாம் உட்கார்ந்து எடுத்தது. சாய்ந்து நிற்கிற மனுஷனை யார் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள்?

"அப்ப ஒண்ணு பண்ணலாமா? வீடியோ கால்ல ஐயா ஒரு தடவை நின்னு காட்டட்டுமே."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கட்டிலிலிருந்து, "நாளைக்குக் காலையில கூப்பிடச் சொல்லு" என்றார்.

காலையில் சவரம் செய்துகொண்டார். வெளியே போகப் போடுகிற சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். போன வருஷம் அந்த இடுப்பு ஒரேயடியாக ஓய்ந்துபோய், ஆபரேஷன் செய்து இரும்பு வைத்தார்கள். "ஜம்முனு நேராக்கிட்டேன்" என்று டாக்டர் பெருமைப்பட்டுக்கொண்டார். நேராகத்தான் ஆக்கினார், நடைதான் போய்விட்டது. மனம் வைத்தால் பழையபடி நின்றுவிடலாம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். இவர் வாக்கரைப் பிடித்து எழுந்து, பிறகு அதை விட்டுவிட்டார். விழுந்துவிடாமல் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். இடத் தோளை இறக்கப் பார்த்தார். இரும்பு விடவில்லை, கழுத்து மட்டும் சாய்ந்தது. வலது கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. சட்டைக்குள் முதுகு வெடவெடவென்று நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது.

"தெரியுதா தம்பி?"

கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"இருங்க, இருங்க. இப்பப் பாருங்க. இப்பத் தெரியுதா?"

"உக்காருங்க ஐயா" என்றார் கத்தரிக்கோல். "பாத்துட்டேன். நீங்க சிரமப்படாதீங்க."

என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அளவெடுத்த மாதிரி நேராக நிற்கிற ஒரு நோயாளியைத்தான் பார்த்திருப்பார். புது வீடியோ எதுவும் வரவில்லை.

கம்பெனியின் அறிவிப்புதான் வந்தது. அச்சைத் திருத்திவிட்டார்களாம், இனி கவசன் நேராக நிற்பானாம், பழையதை வாங்கினவர்கள் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமாம். கீழே ஆளாளுக்குக் கத்தரிக்கோலுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இவர் ஒடிந்துபோவார் என்று பயந்தேன். ஆனால் இவருக்கு யோசனை வேறு எங்கோ போயிருந்தது.

"மாத்தினா மாத்திட்டுப் போகட்டும். இதைச் செஞ்சவன் யாருன்னு கேட்டுப் பாரு. ரெண்டு வார்த்தை பேசணும்."

"என்ன பேசப் போறீங்க?"

"நீ செஞ்சதுதான்யா சரின்னு சொல்லணும். உள்ள இருந்த ஆளே சொல்றேன், நான் அப்படித்தான் நின்னேன்னு. அவனுக்கும் சந்தோஷமா இருக்கும் இல்ல?"

அவனுக்கு மட்டுமா? இவருக்கு உலகத்தில் மிச்சம் இருந்த ஆசையே அதுதான். என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார், உதடு அசைவது தெரிந்தது. பொம்மைப் பெட்டியில் இருந்த கம்பெனி எண்ணுக்கு அடித்து, பாட்டையெல்லாம் கேட்டு முடித்து, ஒரு பெண் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"சொல்லுங்க சார், சாயுற பிரச்சினைதானே?"

"பிரச்சினை எல்லாம் இல்லம்மா. இதைச் செஞ்சவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"உங்க கோவம் புரியுது சார். நிறைய பேர் இப்படித்தான் கேக்குறாங்க."

"கோவமே இல்லம்மா. அவர் சரியாத்தான்..."

"நீங்க கவலையே படாதீங்க சார்." நல்ல செய்தி சொல்கிற உற்சாகம் அந்தப் பெண்ணின் குரலில். "களிமண்ல மாதிரி செஞ்சு குடுக்குறவர் ஒருத்தர், அவர் பண்ணின வேலை அது. திருத்துங்கன்னு சொன்னா, தொடரை நிறுத்தி நிறுத்திப் பாத்துதான் செஞ்சேன், உள்ள இருக்குற ஆள் அப்படித்தான் நிக்கிறார்னு ஒரே பிடிவாதமாம். போன வாரமே வேலையை விட்டு எடுத்துட்டாங்க சார். இனிமே இந்தத் தப்பு வராது. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இல்லம்மா" என்றார். "ரொம்ப நன்றி."

போனை என்னிடம் நீட்டினார். ஏதாவது சொல்லுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"பாவம்" என்றார் கடைசியில். "நான்தான் அன்னிக்கே கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா நின்னிருக்கணும்."

இடுப்பு உடைந்து, அதற்கு மேல் இத்தனை இரும்பையும் சுமந்து நின்ற மனுஷன் பேசுகிற பேச்சா இது? நன்றாகத் திட்டிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திட்டவில்லை, மேசைமேல் இருந்த பொம்மையை எடுத்து இவர் பக்கத்தில் நிறுத்தினேன்.