வாய் வரைக்கும்

என் வலது முழங்கையில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. இரண்டுமே ஸ்டிக்கர் பொட்டு அளவுதான். வந்த வினையே அதுதான். நீளமாகக் கிழித்துத் தையல் போட்டிருந்தால் இந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

மூட்டுக்குள் உடைந்து கிடந்த எலும்புத் துணுக்கைப் பாண்டிச்சேரியில் சிறு துளை போட்டு எடுத்தார்கள். "ஆபரேஷன் பாதிதான் செந்தாமரை அக்கா, மீதி எக்சசைஸ்தான்" என்றாள் மந்தாரக்குப்பத்தில் பிசியோதெரபி பார்க்கும் பவித்ரா. "நீங்களா மெதுவா மடக்கணும், நீங்களா நீட்டணும். வேற யாரும் புடிச்சி இழுக்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது. வெயிட்டு தூக்கவே கூடாது. மொதல்ல சோறு வாய்க்கு வரட்டும்."

எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுச் சோறே வெறுத்துப் போயிருந்தது. தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து மடக்கி நீட்டினேன். விரல் முகவாய் வரை வந்துவிட்டது.

உதவிக்கென்று குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த நாத்தனார் கனகம் அதைப் பார்த்துச் சிரித்தாள். "ஒக்காந்துகினு கைய ஆட்டுறதுக்கு ஒரு டாக்டரா? துணிய அடிச்சித் தொவைச்சா தானா வந்துடும்."

என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் மைன்ஸில் ஃபிட்டர். அக்கா பேச்சு அவருக்கு வேதவாக்கு. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துவந்து, அம்மியில் மசாலா அரைக்கச் சொன்னார். மிக்சியில் அரைத்தால் ருசி வராதாம். முடியாது என்றேன். "ஜாம் ஆனத ஒரே இழுப்பா இழுத்தாத்தான் சரியாவும்" என்று மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். எனக்குக் கண் இருட்டிவிட்டது. மாலைக்குள் முழங்கை புடைத்து, முகவாய் வரை வந்த கை மார்போடு நின்றுபோனது.

"ஓட்டைதான போட்டாங்க, அதுக்கா இவ்ளோ அழுவ?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே மனுஷனுக்குச் சுண்டுவிரல் நசுங்கியபோது, இன்னொரு கை நன்றாக இருந்தும், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் ஊட்டினேன். அப்போது எந்த அக்காவும் துணி துவைக்கச் சொல்லவில்லை.

மறுநாள் அவரே பைக்கில் கூட்டிப்போனார். பவித்ரா என் கையைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், ரிப்பேர் பண்ண மெஷின டெஸ்ட் பாக்காமலே லோடு ஏத்துவீங்களா?"

"அதெப்படி ஏத்துவாங்க?"

"அக்கா கை அதவிட மட்டமா?"



வீக்கம் வடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வலியிலும் ஆத்திரத்திலும் அழுதுகொண்டேதான் மடக்கினேன். ஒரு மத்தியானம் சாம்பார் சோற்றைப் பிசைந்து எடுத்தேன். விரல் உதட்டைத் தொட்டது. கனகம் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை, ஆனாலும் அமிர்தமாக இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அவர் முகம் மலர்ந்தது. தட்டை என் பக்கம் தள்ளினார்.

"கைதான் வந்துடுச்சே. கொஞ்சம் சோறு போடு."

"என் வாய் வரைக்கும்தாங்க வந்திருக்கு. உங்க தட்டுக்கு வர்றதுக்கு இன்னும் நாளாவும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய் எடுத்தேன்.