பழைய வண்டிக்கு ஊற்றிய ஆயில்

நான் "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க அண்ணா" என்று மனசுக்குள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை, ரம்ஷா அக்கா. நடுராத்திரி, போன் அத்தாவின் காதில் இருந்தது. நம் லோடு வண்டி டிரைவர் சென்னிமலை அண்ணன் பேசுவது எனக்கு வெளியே கேட்டது.

"தொப்பூர் மேடு பாதி ஏறையிலயே ஆயில் லைட்டு செவப்பா எரியுதுங்க பாய். ஓரங்கட்டிப் போட்டனுங்க."

"நீ ஓட்டுற ஒம்பது வருசமா எரியாத லைட்டு இன்னிக்கு எரியுதா? பம்ப்செட் லோடு கனமின்னு மிதிச்சுத் தள்ளியிருப்பே."

"மெதுவாத்தானுங்க வந்தேன்."

"நானும் முப்பது வருசம் ஓட்டுனவன்தான் சென்னிமலை. கண்ணுலதான் ஆபரேஷன், மூளையில இல்லை. ஆயில் நேத்துத்தான மாத்துனது?"

அத்தா போனை வைத்தார். பிறகு அம்மாவிடம், "லோடை எறக்கிட்டு வந்ததும் சாவியக் குடுத்துப்போட்டு வேலைய விட்டுப் போச்சொல்லிரலாம். இருக்கறது ஒரு வண்டி. அதையும் ஒடச்சுப் போட்டான்னா நாம எங்க போறது?" என்றார்.

அக்கா, அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

அத்தாவுக்குக் கண்ணில் கட்டு இருந்ததால் ஆயில் வாங்க என்னை அனுப்பினார். "பதினஞ்சு நாப்பது நம்பர் ஆயில்னு கேளு, போதும்" என்றார். சென்னகேசவன் கடைக்குப் போனால் கல்லாவில் அவர் மகன் தேஜா. என் கிளாஸ்தான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஸ்கூல் வாசலில் நம் வண்டியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களே? அதில் இவனும் ஒருத்தன்.

"பதினஞ்சு நாப்பதா? அதெல்லாம் பழைய வண்டிக்கு. உங்களுது என்ன மாடல்?"

இருபத்திரண்டு வருஷ வண்டி என்று சொல்ல வாய் வரவில்லை.

"புதுசுதான். போன வருசம் எடுத்தது."

"டப்பா வண்டிய வித்தாச்சா? பார்ட்டியே வைக்கலை! அப்ப அஞ்சு முப்பது கொண்டு போ. மாத்தி ஊத்துனா உங்க அத்தா என்னைத்தான் வைவாரு."

அவன் மேல் தப்பே இல்லை. நான் சொன்ன வண்டிக்குச் சரியான ஆயிலைத்தான் கொடுத்தான். விலையும் கூடுதல், அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய ஆயிலை இறக்கிவிட்டு, கை கழுவப் போனார். எப்போதும் போல பிஸ்மில்லா சொல்லி மேலே நின்று ஊற்றியது நான்தான். அத்தா ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்க்காமல் மூடியைப் போட விடமாட்டார், உனக்குத் தெரியும். நேற்று மட்டும் அழுக்குக் கை கண்ணுக்குப் போய்விடும் என்று அம்மா பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டார்: "பதினஞ்சு நாப்பதுதான அஃப்ரா?"

"ஆமாங்கத்தா."

ஒரே நாளில் இரண்டாவது பொய்.

கொஞ்சம் முன்னால், யாருக்கும் கேட்காமல் இருக்க பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். லாரிகள் போகும் சத்தத்துக்கு நடுவே அண்ணன் சிரித்தார்.

"அடக் கண்ணு. நம்ம கெழவி வண்டிக்கு உள்ள எல்லாம் தேஞ்சு இடுக்கு விட்டுக் கெடக்குது. சூடேறுனா அந்த ஆயிலு தண்ணியாட்டம் ஓடிப்போயிரும். கெட்டியா ஊத்துனாத்தான் நிக்கும். நல்லவேளை சொன்னே, ஆறவெச்சு எடுக்கலாம்னுதான் உக்காந்திருந்தேன். எடுத்திருந்தா இன்ஜின் முடிஞ்சுது."

"இனி என்னங்கண்ணா பண்றது?"

"இங்க தாபாவுக்குப் பக்கத்துல ஆயில் கடை இருக்குது, விடியக்காலம் நாலு மணிக்குத் தொறப்பான். மாத்திப்போட்டுப் போயிக்கறேன். நீ தூங்கு. பாய்கிட்டச் சொல்லிப்போடாதே."

"உங்களைத் திட்டறாருங்கண்ணா."

"திட்டட்டும், எனக்கென்ன புதுசா? ரெண்டு நாள்ல அவரே டீ வாங்கிக் குடுப்பாரு. கண்ணு தெரியாம உக்காந்திருக்கற மனுசன், உன்னைய நம்பித்தான வாங்கச் சொன்னாரு? அந்த நம்பிக்கை போகக் கூடாது."

வெறும் திட்டு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அக்கா. சாவி விஷயம் அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "வெக்கறேன் கண்ணு" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தாவும் தூங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகிக்கொண்டே இருக்கிறது. எழுந்து போனால் எட்டு அடி. இன்ஜின் தப்பித்துவிட்டது, இனிமேல் நான் வாயைத் திறக்காவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதனாலேயே பேசாமல் இருந்துவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாளை மறுநாள் வண்டி நம் வாசலில் வந்து நிற்கும். அத்தா கையை நீட்டுவார். அண்ணன் ஒன்றும் புரியாமல் சாவியை எடுத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தால், அப்போது நான் எங்கே பார்ப்பேன், அக்கா?